நைட் ஷிப்ட் வீட்டுப் பாட்டுக்காரி

எனக்கு முத்தாண்டிக்குப்பத்தில் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்குவேன். சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். குறை என்று போலீஸ் சொல்லும், கூட்டு என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சொல்வார்கள், இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவது நான். இந்தத் தொழிலில் இருந்தால் யாருக்கும் கோபம் வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

மணிமொழி மேடம் முதலில் என் கடைக்கு வந்தது ஒரு ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு. ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. நெய்வேலியில் கேட்ட இடத்தில் எல்லாம் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார்களாம். வாங்கிப் பார்த்தேன். பஸ்ஸில் பாட்டுக் கேட்கிற சாமான் இல்லை, உயர்ந்த சரக்கு. காதுப் பக்கத்துத் தோல் உரிந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. அப்படித் தேய வேண்டும் என்றால் வருஷக்கணக்கில் மாட்டியிருக்க வேண்டும்.

"இத மாட்டிக்கினு என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"மியூசிக் பண்றேன்."

"கச்சேரிங்களா?"

"இல்லைங்க, கம்ப்யூட்டர்ல. ஹவுஸ் மியூசிக்னு பேரு. வெளிநாட்டுல கிளப்ல ஆடுறதுக்குப் போடுவாங்க."

நான் ஏற இறங்கப் பார்த்தேன். பருத்திப் புடவை, தோளில் ஆபீஸ் பை, அதில் டிபன் பாக்ஸ். கிளப்புக்குப் பாட்டுப் போடுகிறவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பற்றவைத்து முடித்து, சரியாக இருக்கிறதா என்று என் காதில் மாட்டினேன். மேடம் தன் போனிலிருந்து தான் செய்த ஒன்றைப் போட்டுவிட்டார். தம், தம், தம் என்று ஒரே சீரான அடி. அதன் மேல் சின்னச் சின்ன ஓசைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாட்டு வரி எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஓசை எனக்குத் தெரிந்த ஓசையாக இருந்தது.

"இது இரும்பு கேட்டு கொண்டி சத்தமாங்க?"

அதுவரை தாலுகா ஆபீசில் நிற்கிறவர் மாதிரி விறைப்பாக நின்றிருந்தவர் சட்டென்று சிரித்தார்.

"எங்க குவார்ட்டர்ஸ் கேட்டுதான். அடுத்து வர்றது குக்கர் வெயிட். அப்புறம் எங்க வீட்டு ஸ்டூலை இழுக்கிற சத்தம். எல்லாம் எங்கம்மா அடக்கி வெச்ச சத்தங்க."

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன். ஒயர், பின், பிளக் என்று அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போய் வர ஆரம்பித்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

மேடத்தின் அப்பா ஜெயராமன் சார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் நெய்வேலிச் சுரங்க வேலைக்கு வந்து, நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், கம்பெனி பஸ், எல்லாம் சரி. ஷிப்ட் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து படுப்பார். அந்த வாரம் முழுக்க வீடு மூச்சை அடக்கிக்கொள்ளும். அம்மா சந்திரா வாசல் கேட்டில் ஒரு பழைய துண்டைக் கட்டிவிடுவாராம். துண்டைப் பார்த்தால் பால்காரர் பெல் அடிக்கமாட்டார், கீரைக்காரம்மா கூவமாட்டார், தெருப் பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். விசில் கிளம்புகிற நேரம் பார்த்து அம்மா குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பிடிப்பார். ஸ்டூல் கால்களுக்குப் பெல்ட் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மேடமும் தம்பி விஷ்ணுவும் சண்டை போடுவதுகூட வாயசைத்துத்தான். அவன் கிள்ளினால் இவர் தோட்டத்துப் பக்கம் போய் அழுதுவிட்டு வர வேண்டும்.

இப்படி வளர்ந்த பெண்ணுக்கு மியூசிக் ஆசை வந்தால் அது எங்கே போகும்? ஹெட்போனுக்குள்தான் போகும். போனது அங்கேயே தங்கிவிட்டது.

நான் பழகத் தொடங்கியபோது அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. விஷ்ணு குடும்பத்தோடு ஹைதராபாத்தில். மேடத்துக்கு வரன் பார்த்தார்கள், ஒன்றும் அமையவில்லை, பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு ஆபீசில் காண்ட்ராக்ட்டில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் வந்தால் சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூம். அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, அந்த ஹெட்போன். கூடப் படித்தவர்கள் ஒருத்தர்கூட ஊரில் இல்லை. டவுன்ஷிப் பிள்ளைகள் படித்து முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். அது அவர்களுக்குச் சொந்த ஊர் கிடையாது, அப்பாவுக்கு வேலை இருந்த ஊர். மேடம் வீட்டுக்கு இரண்டு பக்கமும் குவார்ட்டர்ஸ் காலியாகி ஜன்னலைக் கொடி மூடியிருந்தது. நாள் முழுக்க அந்தத் தெருவில் ஒரு குரல் கேட்காது. சத்தத்தில் பிழைக்கிற எனக்கு அங்கே போனால் மூச்சு முட்டும்.

முதல் தடவை நான் கேட்டைத் திறந்தபோது மேடம் ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தார்.

"யாருங்க தூங்குறாங்க?" என்று நானும் கிசுகிசுத்தேன்.

"அப்பா."

"சார் ரிட்டயர் ஆயிட்டாருன்னு சொன்னீங்களே?"

"ஆமா. படுத்திருக்கார்."

படுத்துத்தான் இருந்தார். ஹாலில் கட்டிலில், கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் கோர்த்துக்கொண்டு. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு எதற்கு இன்னும் இந்தப் பணிவிடை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே சொல்லவில்லை. என் வாய் எனக்குத் தெரியும், திறந்தால் மூடாது.

அப்பாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று, மாத்திரை தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான் பேச்சு. அதற்கான காரணத்தை மேடமே ஒரு நாள் சொன்னார். அம்மா இறந்த அன்று வாசலில் சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஜெயராமன் சார் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை விட்டுத் தூங்கினார். எடுக்கிற நேரத்தில் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்ப வேண்டியதாயிற்று.

"எங்கம்மா வாழ்க்கை பூரா அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்தாங்க. அவங்க போற அன்னைக்காவது முழிச்சிருக்கக் கூடாதா பிரவின்?"

எனக்கும் அந்த ஆள் மேல் ஆத்திரமாக வந்தது. கட்டிலை உதைத்து எழுப்பலாம் போல இருந்தது.

மேடத்தின் மியூசிக்கிற்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தது. போர்ச்சுகலில் ஒரு சின்னக் கம்பெனி அவர் டிராக்குகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. யார் யாரோ மெசேஜ் அனுப்புவார்கள், நெருப்புப் படமும் கைதட்டுகிற படமும் போடுவார்கள். ஒரு பையன் கிளப்பில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தான். எனக்குக் காட்டினார். ஒரே இருட்டு, குறுக்கே ஓடுகிற பச்சை வெளிச்சம், மேலே தூக்கிய நாலைந்து கைகள். சத்தம் உடைந்து கரகரவென்று வந்தது.

"இது என் டிராக்தானான்னே எனக்குத் தெரியலைங்க," என்றார். போனை அணைத்துவிட்டார். "ஆடுறதுக்குன்னே பண்றது இது. உட்கார்ந்து கேக்குறதுக்கு இல்லை. இத்தனை வருஷத்துல இதுக்கு ஒருத்தர் ஆடி நான் கண்ணால பார்த்ததில்லை. ஆட்டத்தை விடுங்க, ஒருத்தர் கால் விரல் ஆடிப் பார்த்ததில்லை. சமைச்சு சமைச்சு பார்சல் கட்டி அனுப்பிக்கிட்டே இருக்கேன், யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை."

"நீங்களே ஆட வேண்டியதுதானேங்க?"

"ஹெட்போன் ஒயர் நீளம் பத்தாதே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெயராமன் சார் மார்க்கெட்டுக்குப் போகிற சமயங்களில்தான் மேடம் சத்தம் எடுப்பார். கேட்டைத் திறந்து மூடுவார், டம்ளரைத் தரையில் வைப்பார், குக்கரை வேண்டுமென்றே கத்த விடுவார், எல்லாவற்றையும் போனில் பதிந்துகொள்வார். சின்ன வயதில் செய்ய முடியாத குறும்பை எல்லாம் அந்த அரை மணியில் செய்து முடிக்கிற மாதிரி இருக்கும். பிறகு அந்தத் துணுக்குகளை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் உட்காருவார். புதுசு புதுசாக எப்படி வருகிறது என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"புதுசா ஒண்ணும் வராதுங்க. இருக்கிறதையே திருப்பித் திருப்பி ஓட விடணும். சலிச்சுப்போற வரைக்கும் ஓடும். அப்ப ஒரு இடத்துல, இங்க ஏதோ மாறப்போகுதுன்னு தோணும். இன்னும் மாறலை, மாறப்போகுது. அந்த இடம்தான் எனக்கு வேணும். மாறின பிறகு என்ன வந்தா என்ன?"

இதைச் சொன்ன பெண்ணின் வாழ்க்கையில் எதுவும் மாறப்போகிறதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் நான் வாயைக் கொடுத்தேன்.

"மேடம், பண்ருட்டி மண்டபத்துல எங்க மாமா பையன் கல்யாணம். பாக்ஸ் என்னுது, ஆடுறது நம்மப் பசங்க. உங்க டிராக்கப் போட்டு ஆட வெக்கிறேன். நீங்க வந்து நின்னுக்கினு கண்ணால பாருங்க."

வரமாட்டார் என்று நினைத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தலையில் பூகூட இருந்தது. மேடைக்கு ஓரத்தில், என் ஆம்ப்ளிஃபயர் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டார். பசங்கள் சட்டை நனைய ஆடிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏறியிருந்த நல்ல சமயம் பார்த்து மேடத்தின் டிராக்கைப் போட்டேன்.

தம், தம், தம். பசங்கள் நின்றார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பாட்டு ஆரம்பிக்கும் என்று காத்திருந்தார்கள். கேட்டு கொண்டி வந்தது. குக்கர் வெயிட் வந்தது. பாட்டு வரவில்லை.

"அண்ணே, டெஸ்டிங் போதும்ணே, பாட்டப் போடுணே!" என்று ஒருத்தன் கத்தினான்.

என் பெரிய மாமா தனகோடி மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பி வந்தார். "டேய் பிரவினு, ஜெனரேட்டரு நல்லாத்தான்டா ஓடிக்கினு கீது. உன் மிஷின்லதான் என்னமோ அடிச்சிக்கினு கெடக்குது, பாரு!"

மண்டபமே சிரித்தது. மேடமும் சிரித்தார். நான் வேறு பாட்டுக்கு மாற்றினேன், கூட்டம் உடனே குதித்தது. அந்தப் பசங்களை வரிசையாக நிற்க வைத்து அறைய வேண்டும் போல இருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

திரும்பும்போது என் குட்டி யானை லோடு வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் கேட்டார்.

"பிரவின், என் கீபோர்டு உங்களுக்கு உபயோகப்படுமா?"

"எனக்கு எதுக்குங்க?"

"குவார்ட்டர்ஸ் காலி பண்ற கெடு வந்துடுச்சு. கோவில்பட்டியில அப்பா கட்டின வீட்டுக்குப் போறோம். அங்க போய் இதையெல்லாம் மறுபடி மாட்டப்போறதில்லை. முகம் தெரியாதவங்களுக்கே பண்ணிக்கிட்டு இருக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு. எனக்கு நாப்பது ஆகப்போகுது. போதும்."

அவரைக் குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பொற்கொடியிடம் சொன்னேன். என் மனைவி என்னைவிடக் கோபக்காரி.

"ஒரு பொம்பளையக் கூட்டிக்கினு போயி, அத்தினி கூட்டத்துல நிக்க வெச்சி, அழ வெச்சி அனுப்பியிருக்கிற."

"அவங்க அழுவலியே. சிரிச்சாங்க."

"உன் எதிர்ல அழுவாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

காலி பண்ணுகிற அன்று கீபோர்டை வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருந்தார். நான் போகும்போது வண்டியில் இரண்டு பாக்ஸை ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் லாரி நின்றது. பீரோ, பாத்திர மூட்டை, துணி மூட்டை எல்லாம் ஏறிவிட்டிருந்தன. ஹாலில் மிச்சம் இருந்தது ஜெயராமன் சாரின் கட்டில் மட்டும். அதில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எனக்குக் கொடுக்க வேண்டிய கீபோர்டு துணி சுற்றிக் கதவோரம் சாய்ந்திருந்தது.

"மேடம், பாக்ஸு கொண்டாந்துகிறேன். இந்த வூட்டுக்குள்ளியே ஒரே ஒரு தபா போட்டுக் கேட்டுட்டுப் போங்க."

"வேண்டாம் பிரவின். அப்பா படுத்திருக்கார்."

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார் ரிட்டயர் ஆயி எத்தினி மாசம் ஆவுது? ரெண்டு பக்கமும் வூடு காலி. லாரி வாசல்ல நிக்குது. இன்னும் எத்தினி நாளுக்குங்க இவரு தூங்கிக்கினே இருப்பாரு?"

அவர் காதில் விழட்டும் என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். விழுந்தது. கண்ணைத் திறக்காமலே கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"யாருய்யா தூங்குதா?"

ஜெயராமன் சார் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் எங்கய்யா தூங்கினேன்? பெல்ட்டுக்குப் பக்கத்துல எட்டு மணி நேரம் நின்னுட்டு வாறவன் நான். அந்த இரைச்சல் காதுக்குள்ளயே கெடக்கும். இங்க வந்தா ஊசி விழுந்தாக் கேக்கும். அந்த அமைதியில எவனுக்கு உறக்கம் வரும்? அடுத்த சத்தம் எப்ப வரும், எப்ப வரும்னு காது முழிச்சிக்கிட்டே கெடக்கும்."

"அப்புறம் ஏம்ப்பா..." என்றார் மேடம்.

"உங்கம்மா கேட்டுல துண்டைக் கட்டிக்கிட்டு, குக்கரைப் பிடிச்சுக்கிட்டு, ஒங்க ரெண்டு பேரு வாயையும் பொத்திக்கிட்டு அவ்வளவு பாடுபடுதா. நான் எந்திரிச்சு உக்காந்தா அவ மனசு என்ன ஆகும்? அதான் கண்ணை மூடிக் கெடந்தேன். உறக்கமெல்லாம் கம்பெனி பஸ்ஸுலதான். எஞ்சின் இரைச்சல்ல அசந்துருவேன், டிரைவர் தட்டி எழுப்புவான்."

வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்கம்மா போன அன்னைக்கு மேளம் அடிச்சாங்கள்ல. இந்த வீட்டுல நான் நல்லா உறங்கினது அன்னைக்குத்தான். வேணும்னு உறங்கலை மணி. சத்தம் வந்துச்சு, கண்ணு சொருகிருச்சு. சொந்தமெல்லாம் ஏசினாங்க. நீ ஏசலை. பேசாம இருந்துட்ட. அதுதான் எனக்கு..."

"ரிட்டயர் ஆன பிறகும் ஏம்ப்பா இப்படிப் படுத்துக்கிட்டே இருந்தீங்க?"

"நீ காதுல அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்க. நான் நடமாடினா ஒனக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்."

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இரண்டு பாக்ஸையும் ஹாலுக்குள் தூக்கிவந்து வைத்து ஒயரை மாட்டினேன். மேடம் போனை நீட்டினார்.

"கடைசியா பண்ணது. யாருக்கும் அனுப்பலை."

போட்டேன். சாமான் இல்லாத வீடு; சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. லாரிக்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஜெயராமன் சார் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். மேடம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. நானும் பார்த்தேன். அம்மா தாயே, இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை விரலை ஆட்டிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

விரல் ஆடவில்லை. தலைதான் சாய்ந்தது. மெதுவாகக் கட்டிலில் சரிந்து கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார். வாய் லேசாகத் திறந்தது. எப்போதும் போல நெஞ்சில் கோர்க்காமல் இன்னொரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. குறட்டை விட்டாரோ என்னவோ, பாக்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

மண்டபத்தில் சிரித்தார்கள், இங்கே தூங்கிவிட்டார். ஆள் தூங்கினால் சத்தத்தைக் குறைப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே. என் கை தானாக வால்யூம் திருகுக்குப் போயிற்று.

மேடம் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் நான் அதுவரை அவரிடம் பார்க்காத ஒரு சிரிப்பும் இருந்தது. என் காதோரம் வந்து கத்தினார், கத்தினால்தான் கேட்கும்.

"குறைக்காதீங்க பிரவின்! முழிச்சிக்குவார்!"

டிராக் முடிந்தது. வீடு ஓய்ந்தது. ஜெயராமன் சாரின் இமை அசைந்தது. மேடம் அவசர அவசரமாக அதையே முதலிலிருந்து மறுபடி ஓட விட்டார். லாரிக்காரர் கட்டிலுக்காக வந்து நின்றார். அப்புறம் என்று நான் கையைக் காட்டினேன். கதவோரம் துணி சுற்றியிருந்த கீபோர்டைச் சுட்டி, இது யாருக்கு என்று அவர் சைகையில் கேட்டார். மேடம் லாரியைக் காட்டினார்.